திடலில் விழுந்தவர் கணக்கு

விளையாட்டுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று வெற்றிக் கணக்கு. மற்றொன்று புண் கணக்கு. முதற்கணக்கை எழுதி வைக்க எவரும் மறப்பதில்லை. எந்த அணி எத்தனை புள்ளி பெற்றது, கிண்ணத்தை ஏந்தியவர் யார் என்பவை பள்ளி ஆண்டு மலரில் இடம்பெறும். அலுவலகச் சுவரில் படமாகத் தொங்கும். அதே ஆட்டத்தில் தோள் நழுவியவன் யார், தலையில் அடிபட்டு மயங்கியவன் யார், அவன் மீண்டும் திடலுக்கு வர எத்தனை நாள் ஆயிற்று என்பவையோ ஆட்டம் முடிந்த மறுநாளே மறதியில் மறைந்துவிடுகின்றன. இந்த இரண்டாம் கணக்கின் வரலாற்றை, ரக்பி என்னும் ஆட்டத்தை நடுவாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகழுக்கு எண்ணிய புண்

புண்ணை எண்ணுவது தமிழர்க்குப் புதிதன்று. ஆநிரை மீட்கும் போரில் வீழ்ந்த வீரனுக்கு நட்ட கல்லில், அரசனின் ஆட்சியாண்டும் ஊரும் வீரனின் பெயரும் அவன் வீழ்ந்த காரணமும் பொறிக்கப்பட்டன. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் இதற்குச் சான்று. முல்லைக்கலி, ஏறு தழுவும் களத்தில் இளைஞர் பட்ட புண்களை விரித்துரைக்கிறது. வெண்ணிப் போரில் கரிகாலனுக்கு எதிரே நின்ற சேரமான் பெருஞ்சேரலாதன், தன் முதுகிலும் புண்பட்டதற்கு வெட்கி, வடக்கு நோக்கி அமர்ந்து உயிர் நீத்தான் என்பதைப் புறநானூற்றால் அறிகிறோம். திருவள்ளுவரோ படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில், முகத்திலும் மார்பிலும் புண்படாது கழிந்த நாள்களையெல்லாம் பயனின்றிக் கழிந்த நாள்களாக எண்ணும் வீரனை நமக்குக் காட்டுகிறார்.

இவை யாவும் புகழுக்காக எண்ணிய கணக்குகள். அடுத்தவன் அதே புண்ணைப் படாமல் காக்க வேண்டும் என்று எண்ணும் வழக்கம் அண்மைக் காலத்தது. அது தோன்றிய வரலாற்றில் கசப்பான உண்மை ஒன்று புதைந்து கிடக்கிறது. விழுந்தவனுக்காக யாரேனும் பணம் கொடுக்க நேர்ந்த இடத்தில் கணக்கு விரைந்து வந்தது. விழுந்தவன் தன் செலவிலேயே எழுந்து சென்ற இடத்தில் அது வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அவ்வுண்மையைப் படிப்படியாகக் காண்போம்.

ஆட்டமும் அதன் பிளவும்

இங்கிலாந்தின் ரக்பி நகரிலுள்ள பள்ளியில் 1845ஆம் ஆண்டில் இவ்வாட்டத்தின் விதிகள் முதன்முதலாக எழுதப்பட்டன. அக்காலத்தில் எதிரியின் முழங்காலுக்குக் கீழே காலால் உதைப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1870ஆம் ஆண்டு நவம்பரில், 'ஓர் அறுவை மருத்துவர்' என்ற புனைபெயரில் ஒருவர் இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதி, அப்பள்ளி மாணவர் படும் காயங்களைக் கண்டித்தார். அடுத்த ஆண்டு சனவரி 26ஆம் நாள் இங்கிலாந்தின் ரக்பி சங்கம் தோன்றியது. அது வகுத்த விதிகளில் காலை உதைக்கும் பழக்கம் தடை செய்யப்பட்டது. காயத்தைக் கண்டு ஒருவர் எழுதினார், விதி மாறியது. இவ்வரலாற்றின் முதற்பாடம் இதுவே.

ஆனால், சங்கம் ஒன்றைப் பிடிவாதமாகப் பற்றி நின்றது. ஆடுவோர் ஊதியம் பெறலாகாது என்பதே அது. வசதி படைத்தவர்க்கு அது பெருமை. சுரங்கத்திலும் நூலாலையிலும் உழைத்த வடபகுதி மக்களுக்கு அது சுமை. சனிக்கிழமை ஆட்டத்திற்காக வேலையை விட்டால் கூலி போயிற்று. 1895ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடிய வடபகுதிக் கழகங்கள் பிரிந்து சென்று தனிச்சங்கம் கண்டன. இழந்த கூலிக்கு ஈடாக நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் கொடுக்கவும் இசைந்தன. தாய்ச்சங்கத்தின் வழி நின்றவர்களோ மேலும் நூறாண்டுகள், 1995ஆம் ஆண்டு வரை, ஊதியமற்ற ஆட்டத்தையே போற்றினர். ஊதியம் இல்லாத இடத்தில் ஊதிய இழப்பும் இல்லை. இழப்பு இல்லாத இடத்தில் கணக்கெழுத யாருக்கும் கட்டாயம் இருக்கவில்லை.

நம் நாட்டுத் திடலில்

இவ்வாட்டம் மலாயாவுக்கு ஆங்கிலேயருடன் வந்தது. மலாய்க் கூட்டரசு மாநிலங்கள் தம் செலவில் பிரிட்டிசுக் கடற்படைக்கு 'மலாயா' என்னும் போர்க்கப்பலை வழங்கியிருந்தன. அக்கப்பல் 1921ஆம் ஆண்டில் இங்கு வந்தபோது, வரவேற்புக்கு நன்றியாகக் காற்பந்துக்கும் ரக்பிக்கும் கிண்ணங்கள் வழங்கப்பட்டன. ரக்பிக் கிண்ணப் போட்டி 1922ஆம் ஆண்டில் தொடங்கியது. அக்கப்பலுக்குக் கொடுத்த பணம் ஈயத்திலும் இரப்பரிலும் விளைந்த வருவாய் என்பதையும், அந்த இரப்பர் மரங்களில் பால் எடுத்த கைகளுள் பெரும்பாலானவை தமிழர் கைகள் என்பதையும் நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

அணிக்குப் பதின்மர் ஆடும் ரக்பி வகை நம் நாட்டிலேயே பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. கோப்ரா என்னும் முன்னாள் மாணவர் ரக்பிக் கழகம் 1967ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கி வைத்தது. வெயில் மிகுந்த நாட்டில் குறைந்த ஆட்களுடன் குறைந்த நேரம் ஆடும் முறை அது. தமிழ்ப்பள்ளிகளில் ரக்பி ஆடுவோர் குறைவு. ஆயினும், மூச்சடக்கிப் பாடி வரும் எதிரியைக் காலைப் பிடித்து வீழ்த்தும் சடுகுடு நம் பிள்ளைகளுக்குப் பழகிய ஆட்டம். பிடித்து வீழ்த்துவதே இரண்டிற்கும் உயிர்நாடி. ஆகவே, ரக்பியின் புண் கணக்கு கற்பிக்கும் பாடம் சடுகுடுத் திடலுக்கும் பொருந்தும்.

எண்ணத் தொடங்கியவர்கள்

ரக்பியிலிருந்து கிளைத்ததே அமெரிக்கக் காற்பந்து. 1905ஆம் ஆண்டில் அந்நாட்டுத் திடல்களில் பதினெட்டுக்குக் குறையாத இளைஞர் இறந்தனர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. அதிபர் தியோடர் ரூசுவெல்ட்டே பல்கலைக்கழகத்தாரை அழைத்துப் பேசினார். அதே பருவத்தில் ஆர்வர்டு பல்கலைக்கழக அணிக்கு மருத்துவம் பார்த்த நிக்கோல்சு, சுமித்து என்னும் இருவர் ஒவ்வொரு காயத்தையும் குறித்து வைத்தனர். ஒரே அணியில், ஒரே பருவத்தில் 145 காயங்கள். அவற்றுள் 19 மூளையதிர்ச்சி. 1906ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் அதனை மருத்துவ இதழில் வெளியிட்டனர். ஆட்ட விதிகளும் அவ்வாண்டே மாறின.

1931ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுப் பயிற்றுநர் சங்கம், திடலில் நேர்ந்த இறப்புகளை ஆண்டுதோறும் எண்ணத் தொடங்கியது. 1968ஆம் ஆண்டில் ஆட்டத்தில் நேரடியாக அடிபட்டு இறந்தோர் 36 பேர். கணக்கைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று புலப்பட்டது. தலைக்கவசம் வலுவானதாக ஆக ஆக, ஆடுவோர் தலையையே ஆயுதமாக்கி முட்டினர். 1976ஆம் ஆண்டில் அவ்வாறு முட்டுவது தடை செய்யப்பட்டது. 1990ஆம் ஆண்டில் அவ்வகை இறப்பு ஒன்றுகூட இல்லை. முப்பத்தாறு சுழியமானது. கணக்கேட்டில் ஒரு வரி கூடினால் கல்லறையில் ஒரு பெயர் குறையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஒரு பள்ளி மருத்துவரின் ஏடு

ரக்பி ஆட்டத்தில் இப்பணியைச் செய்தவருள் நம் ஆசிரியர்கள் மறவாமல் அறிய வேண்டியவர் சுபார்க்சு என்னும் மருத்துவர். ஆட்டம் பிறந்த அதே ரக்பி பள்ளியின் மருத்துவ அதிகாரி அவர். அப்பள்ளி மாணவர் 1950ஆம் ஆண்டு முதல் 1979ஆம் ஆண்டு வரை முப்பது பருவங்களில் பட்ட காயங்களின் கணக்கை அவர் 1981ஆம் ஆண்டில் வெளியிட்டார். மொத்தம் 9,885 காயங்கள்.

அவர் அவ்வெண்ணோடு நிற்கவில்லை. மாணவர் ஆடிய நேரத்தையும் கணக்கிட்டார். அது ஏறக்குறைய ஐந்து இலட்சம் மணி நேரம். கணித ஆசிரியர்கள் இதன் அருமையை உடனே உணர்வர். பத்துக் காயம் என்பது மிகுதியா, குறைவா? பத்து ஆட்டத்தில் பத்து என்றால் அச்சம் தரும். ஆயிரம் ஆட்டத்தில் பத்து என்றால் ஆறுதல் தரும். வகுக்கும் எண் இல்லாத கணக்கு வெறும் வதந்தி. சுபார்க்சு தந்த வகுக்கும் எண்ணால், ஆயிரம் மணி நேர ஆட்டத்திற்கு ஏறத்தாழ இருபது காயம் என்று சொல்ல முடிந்தது. காப்பீட்டு நிறுவனமோ ஆட்சியாளரோ வற்புறுத்தாமல், ஒரு பள்ளி மருந்தகத்தின் ஏடு இதனைச் செய்து காட்டியது. பணம் போகும் இடத்திலேயே கணக்கு வரும் என்ற பொதுவிதிக்கு இஃது ஒளிமிக்க விலக்கு.

அரசு பணம் கொடுத்தபோது

நியூசிலாந்தில் நடந்தது வேறு கதை. விபத்தில் காயமுற்றவர் எவராயினும், குற்றம் யாருடையது என்று பாராமல் அரசே ஈடு கொடுக்கும் சட்டம் அங்கு 1972ஆம் ஆண்டில் நிறைவேறி, 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளிக்கு மட்டுமின்றித் திடலில் விழுந்தவனுக்கும் அது பொருந்தியது. ரக்பியைத் தம் உயிரெனக் கருதும் நாடு அது. ஆகவே, விழுந்த ஒவ்வொருவனும் அரசின் பேரேட்டில் ஒரு வரியானான்.

1976 முதல் 2005 வரை அங்கு ரக்பியால் தண்டுவடம் பாதிக்கப்பட்டு நிலையான ஊனமுற்றோர் 77 பேர். முதலில் கழுத்தை முறித்தது எது? இரு அணிகளின் முன்வரிசையினரும் தோள் கோத்துக் குனிந்து, தலையோடு தலை நுழைத்துத் தள்ளும் 'ஸ்கிரம்' என்னும் நிலை. இதனைக் கணக்கு காட்டிக் கொடுத்தது. 2001ஆம் ஆண்டில் அரசின் விபத்து ஈட்டுக் கழகமும் ரக்பிச் சங்கமும் கூடி, பயிற்றுநரும் நடுவரும் ஆண்டுதோறும் பாதுகாப்புப் பாடம் கற்றே ஆக வேண்டும் என விதித்தன. முன்னைய போக்கின்படி 2001 முதல் 2005 வரை ஏறக்குறைய 19 பேர் ஊனமுற்றிருக்க வேண்டும், உற்றவர் எண்மரே. ஸ்கிரம் நிலையில் மட்டும் ஒன்பது பேர் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் ஒருவரே. கழுத்து முறியாமல் தப்பிய அந்தப் பதினொருவர் யார் என்பது அவர்களுக்கே தெரியாது. கணக்கு காத்த உயிருக்குத் தான் காக்கப்பட்டோம் என்ற நினைவுகூட இராது.

கடைசியில் வந்த கணக்கு

1995ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரக்பி ஊதிய ஆட்டமாயிற்று. அதன்பின் ஆட்டக்காரன் ஒரு வாரம் படுத்தால் கழகத்துக்கு ஒரு வாரச் சம்பளம் நட்டம். இங்கிலாந்தில் 2002ஆம் ஆண்டு முதல் ஊதியம் பெறுவோரின் காயங்கள் தொடர்ந்து பதிவு செய்யப்பட்டன. 2007ஆம் ஆண்டில், காயம் என்றால் என்ன, அதனை எவ்வாறு குறிப்பது என்பதற்கு உலகளாவிய பொது வரையறை வகுக்கப்பட்டது. ஊதியம் பெறாது ஊர்க் கழகங்களில் ஆடுவோரை முறையாக எண்ணும் திட்டம் அங்குத் தொடங்கியதோ 2009ஆம் ஆண்டில்தான். எண்ணிக்கையில் மிகப் பெருந்தொகையினர் இவர்களே. வரிசையில் கடைசியில் நின்றவர்களும் இவர்களே.

அத்திட்டம் தந்த விடையைக் காண்போம். ஒரு வாரத்திற்கு மேல் ஆடவிடாமல் தடுத்த காயங்கள், ஆயிரம் மணி நேர ஆட்டத்திற்கு ஏறக்குறைய 17. ஓர் அணியில் பதினைந்து பேர். ஆட்டம் எண்பது நிமிடம். ஆகவே ஓர் ஆட்டத்தில் ஓர் அணியின் ஆட்ட நேரம் இருபது மணி. ஆயிரம் மணி என்பது ஐம்பது ஆட்டம். அதாவது, மூன்று ஆட்டத்திற்கு ஒருவர் என ஒவ்வோர் அணியிலும் ஒரு வாரத்திற்கு மேல் படுக்கிறார். காயங்களில் பாதி, பிடித்து வீழ்த்தும்போது நேர்ந்தவை.

ஊதியம் பெறுவோரிடையே முன்னர்க் கண்ட அளவு ஆயிரம் மணிக்கு 91. இதைக் கண்டு, ஊர் ஆட்டம் ஐந்து மடங்கு பாதுகாப்பானது என்று முடிவு கட்டுதல் தவறு. அங்கு ஒரு நாள் ஓய்வு தேவைப்பட்ட காயமும் எண்ணப்பட்டது. இங்கு ஒரு வாரத்தைத் தாண்டியவை மட்டுமே எண்ணப்பட்டன. ஒருவர் மரக்காலாலும் மற்றவர் படியாலும் அளந்த நெல்லை ஒப்பிட முடியுமா? பொது வரையறையின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

ஏட்டுக்கு வராத புண்

எவ்வளவு நல்ல ஏடாயினும் மறைத்த புண் அதில் ஏறாது. மூளையதிர்ச்சி அத்தகையது. எலும்பு முறிந்தால் கை தொங்கும். தோல் கிழிந்தால் குருதி வடியும். மூளை அதிர்ந்தவனோ எழுந்து நிற்பான், சிரிப்பான், 'ஒன்றுமில்லை' என்பான். 1977ஆம் ஆண்டில் அனைத்துலக ரக்பி மன்றம், மூளையதிர்ச்சி கண்டவர் மூன்று வாரம் ஆடலாகாது என விதித்தது. நல்ல விதிதான். ஆனால், மூன்று வாரம் போய்விடுமே என்று அஞ்சியவர்கள் அதிர்ச்சியையே மறைக்கத் தொடங்கினர். தண்டனையாகத் தோன்றும் விதி உண்மையை ஒளித்துவிடும் என்பது வகுப்பறையில் நாம் நாளும் காணும் பாடமன்றோ?

அவ்வாறு மறைந்த புண்ணின் விலையைக் கனடா நாடு கண்டது. 2013ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒட்டாவா நகரில் உயர்நிலைப்பள்ளி ரக்பி அணியின் தலைவியான பதினேழு வயது மாணவி, சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டு இறந்தாள். முதல் அடியின் அறிகுறிகள் இருந்தன. அவற்றை ஒன்று சேர்த்துப் பார்க்கும் ஏடுதான் எவரிடமும் இல்லை. அவள் பெயரால் 'ரோவன் சட்டம்' 2018ஆம் ஆண்டில் ஒண்டாரியோ மாநிலத்தில் நிறைவேறியது. தலையில் அடிபட்டவர் என ஐயுற்ற உடனேயே திடலை விட்டு நீக்குவதும், மருத்துவர் இசைவின்றித் திரும்ப விடாமையும் அங்குக் கடமையாயின. 2023ஆம் ஆண்டில் பிரிட்டனும் ஊர்க் கழகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வழிகாட்டி வகுத்து, இருபத்தொரு நாள் கழியுமுன் போட்டிக்குத் திரும்பலாகாது என்றது.

நம் மண்ணின் சான்று

எண்ணினால் உயிர் காக்கலாம் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியாக் காய்ச்சலால் மடிந்தோரை ஊர் ஊராக எண்ணினார். சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் செய்தார். கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் 1901ஆம் ஆண்டில் இறந்தோர் 582, 1902இல் 144, 1903இல் 115. பின்னர் அம்முறை தோட்டங்களுக்கும் பரவியது. அங்குக் காக்கப்பட்ட உயிர்களுள் நம் முன்னோர் பலர். வடிகால் உயிர் காத்தது. வடிகாலை எங்கே வெட்டுவது என்பதைக் கணக்கு காட்டியது.

இன்று பிறைத் தொழிற்பேட்டைச் சாலையில் செல்வோர், விபத்தின்றிக் கழிந்த நாள்களின் எண்ணிக்கையைக் காட்டும் பலகைகளை ஆலை வாயில்களில் காணலாம். வள்ளுவர் காட்டிய வீரன் புண்படாத நாளை வீண் நாளென எண்ணினான். ஆலையோ புண்படாத நாளையே வெற்றி நாளென எண்ணுகிறது. காலத்தின் மாற்றம் இது. ஆயினும் ஆலை எண்ணுவதற்குக் காரணம் உண்டு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த சொக்சோ, காயமுற்ற தொழிலாளிக்கு ஈடு கொடுக்கிறது. 2004ஆம் ஆண்டு விதிமுறை, வேலையிட விபத்தைப் பதிவு செய்து அறிவிக்கப் பணிக்கிறது. இவை வேலையிடத்திற்கு உரியவை. மாலையில் பொழுதுபோக்காகப் பந்தாடும் பிள்ளையின் திடலுக்காக எழுதப்பட்டவை அல்ல. 2011ஆம் ஆண்டில் 'ஒரு மாணவர், ஒரு விளையாட்டு' என்னும் கொள்கை ஒவ்வொரு மாணவரையும் திடலுக்கு அழைத்தது. அழைத்தவர்க்கு எண்ணும் பொறுப்பும் உண்டு.

ஆசிரியர் கையிலுள்ள பணி

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நூறு பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். நாள், ஆட்டம், ஆடியோர் தொகை, ஆடிய நேரம் ஆகியவற்றை ஒவ்வோர் ஆட்டத்திற்கும், காயம் இல்லாத நாளிலும், எழுத வேண்டும். அதுவே வகுக்கும் எண்ணைத் தரும். காயம் நேர்ந்தால், உடலின் எப்பகுதி, எவ்வாறு நேர்ந்தது, செய்த முதலுதவி யாது, மாணவர் திரும்ப ஆடிய நாள் எது என நான்கு செய்திகளைச் சேர்க்க வேண்டும். தலையில் அடி என்றால் அதனைச் சிவப்பு மையில் எழுதி, வகுப்பாசிரியருக்கும் பெற்றோருக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். ஏனெனில், பகலில் திடலில் கண்ட அறிகுறியும் இரவில் வீட்டில் கண்ட அறிகுறியும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் உண்மை வெளிப்படும்.

அந்த ஏடு யாரையும் தண்டிக்க எழுதப்படுவதன்று என்பதைப் பிள்ளைகள் உணருமாறு செய்தல் வேண்டும். ஆண்டிறுதியில் அதனையே கணிதப் பாடமாக்கலாம். எந்த மாதத்தில் காயம் மிகுந்தது? ஆட்டத்தின் முற்பகுதியிலா, களைத்த பிற்பகுதியிலா? ஈரத் திடலிலா, காய்ந்த திடலிலா? தம் நண்பர் பட்ட புண்ணைத் தாமே எண்ணிப் பார்த்த மாணவர், பிடித்து வீழ்த்தும்போது எதிரியின் தலையையும் நினைப்பர்.

நோயைக் கண்டு, அதன் காரணத்தைக் கண்டு, அதன் பின்னரே தீர்க்கும் வழியைத் தேட வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த மருத்துவ முறை. காரணத்தைக் காணும் கண்ணே கணக்கு. ஊதியம் பெறும் ஆட்டக்காரனுக்கு முதலாளி எண்ணுவான். தொழிலாளிக்குச் சட்டம் எண்ணும். ஊதியமின்றி ஆடும் மாணவனுக்கு எண்ணக் கடமைப்பட்டவர் அவனைத் திடலுக்கு அனுப்பிய ஆசிரியரே. ரக்பி பள்ளியின் மருந்தகம் முப்பது ஆண்டுகள் செய்ததை நம் பள்ளிகள் ஒரு பருவமேனும் செய்து பார்க்கட்டும். வெற்றிக் கிண்ணம் இருக்கும் அலமாரியில் அந்தக் குறிப்பேட்டுக்கும் ஓர் இடம் ஒதுக்குவோமாக.